வீரர் எவர் உடைமை?

2023 மார்ச்சில், உலக பேஸ்பால் கிளாசிக் தொடரில் டொமினிகன் குடியரசை வென்ற களிப்பில் போர்ட்டோ ரிக்கோ வீரர்கள் துள்ளிக் குதித்தபோது, பந்துவீச்சாளர் எட்வின் டியாஸின் முழங்கால் தசைநாண் அறுந்தது. ஐந்தாண்டுகளுக்கு 10.2 கோடி டாலர் தர ஒப்பியிருந்த நியூயார்க் மெட்ஸ் அணி அவ்வாண்டு முழுதும் அவரை இழந்தது. அணி பணம் கொடுக்க, அவர் தாய்மண்ணுக்கு ஆடலாமா என ரசிகர் பலர் சினந்தனர்.

இச்சினம் பழையது. அதன் வேரைத் தேடின் நாம் 1969ஐ அடைகிறோம். அந்நாளில் ஒப்பந்தம் முடிந்த பின்னரும் வீரர் தம் அணிக்கே கட்டுப்பட்டவர்; அணியோ அவரை விருப்பம்போல் கைமாற்றலாம். செயின்ட் லூயிஸ் அணியின் கர்ட் ஃபிளட், தம்மைக் கேளாமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்தார். ஆண்டுக்கு 90,000 டாலர் பெற்றவர்தாம். பணக்குறை அன்று அது. தாம் விற்று வாங்கும் பண்டம் அல்லர் என்பதே அக்கருப்பின வீரரின் வாதம். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 எனத் தோற்றார். அதற்குள் அவரது ஆட்ட வாழ்வும் முடிந்திருந்தது. 1975இல் வேறிருவர் தொடுத்த முறையீட்டில் நடுவர் மன்றம் அக்கட்டை அறுத்தது. சம்பளங்கள் விண்ணேறியது அதன் பின்பே.

டியாஸ் வீழ்ந்த அதே தொடரின் இறுதியாட்டத்தில், ஜப்பானின் ஷோஹெய் ஓத்தானி தம் சொந்த அணித்தோழர் மைக் டிரவுட்டை வீழ்த்தி அமெரிக்காவை 3-2 என வென்றார். அன்று எவரும் ஒப்பந்தத் தொகையைக் கேட்டதாக நமக்கு நினைவில்லை.