கோணமலைக் கோட்டையின் கற்கள்

திருக்கோணமலையிற் பிரடெரிக் கோட்டையினுட் புகுந்து கோணேசர் ஆலயத்துக்கு ஏறுவார், வழியில் வெல்லெஸ்லியின் பெயர் தாங்கிய பழைய மனையொன்றைக் காண்பர். 1815இல் வாட்டர்லூப் போரில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் கோமகனே அவ்வெல்லெஸ்லி. அவர் இங்கு நோயுற்றுக் கிடந்தமையால் ஏறாதுவிட்ட கப்பல் கடலுள் மூழ்கிற்றென்றும், ஆதலின் ஐரோப்பாவின் தலைவிதியை இவ்வூர் மாற்றிற்றென்றும் கதை வழங்குகின்றது. கதை இனிது, ஆயின் முழுவதும் உண்மையன்று. 1800ஆம் ஆண்டின் இறுதியில் திருக்கோணமலைக்கு வந்த அவர், 1801 பெப்ருவரியிற் பம்பாய்க்குப் புறப்பட்டார். காய்ச்சல் கண்டதும் சுசன்னா என்னும் அக்கப்பலைத் தவறவிட்டதும் பம்பாயிலேயாம்.

விருந்தினர் பெருமையினும், அம்மனையைச் சூழ்ந்து நிற்கும் கோட்டைக் கற்களின் வரலாறே நாம் ஆராயத் தக்கது. 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் ஆலயத்தை இடிப்பித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினான். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். பிரடெரிக் என்னும் பெயர் 1803இல் இடப்பட்டது. கொடிகள் மாறின; கற்கள் மாறவில்லை.

கோட்டை வாயிலின் கற்றூணில் இணைக்கயல் இலச்சினையும், குளக்கோட்டன் திருப்பணியையும் பறங்கியர் அதனை அழித்தலையும் கூறும் தமிழ்க் கல்வெட்டும் உள. ஊரார் இதனை வருவதுரைத்த வாக்கெனப் போற்றுவர். எழுத்தின் காலம் யாதாயினும் ஆகுக. கோயிற் கல்லே கோட்டை வாயிலாயிற்று என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுமோ?

இத்தகைய செயல் இங்கிலாந்திலும் நிகழ்ந்ததுண்டு. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களை ஒழித்த காலத்தில், 1539இல் யார்க்சயர் நாட்டுப்புறத்துப் பவுண்டன்ஸ் மடம் மூடப்பட்டது. பின்னர் அம்மடத்துக் கற்களுட் பல, அருகே எழுந்த பவுண்டன்ஸ் மாளிகைக்குப் பயன்பட்டன. இன்று அங்கே இடிந்த மடமும் அதன் கல்லாலாகிய மாளிகையும் ஒருங்கே பேணப்படுகின்றன; காண்போர் எக்கல் எங்கிருந்து வந்ததென அறிந்தே செல்கின்றனர். நம் கோட்டையில் அவ்வறிவைத் தருவது அவ்வாயிற்றூண் ஒன்றே. மதிலின் ஏனைய கற்களைக் கோயிற் கற்களென எண்ணிப் பார்ப்பார் சிலரே.

எனினும் அம்மடத்துக்கு வாய்க்காத பேறு கோணேசருக்கு வாய்த்தது. 1950இல் கிணறு தோண்டியபோது செப்புத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையடியிற் கடலுள் மூழ்கிப் பழைய ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டனர். 1963இல் புதுக்கிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. கோட்டையில் இன்றும் படையினர் உறைகின்றனர். புள்ளிமான்கள் அச்சமின்றி உலாவுகின்றன. பூசைக்குச் செல்லும் அடியாரெல்லாம் அக்கயல் பொறித்த தூணைக் கடந்தே மலையேறுகின்றனர்.