மைட்டோகாண்ட்ரியா நோயும் மகப்பேற்று வழிகளும்: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் போன்ற ஊர்களில், ஒரு குடும்பத்தில் நோய் பரம்பரையாகத் தொடருமாயின், சொந்தத்தில் பெண் எடுத்ததன் மீதே பழியைச் சுமத்துவது வழக்கம். ஆனால், மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏயில் தோன்றும் பிறழ்வுக்கு அவ்வழக்கம் காரணமன்று; உயிரணுவுக்குச் சக்தியளிக்கும் அந்நுண்ணுறுப்பு தாயின் கருமுட்டை வாயிலாகவே சந்ததியை அடைகிறது. (உட்கருவின் மரபணுக்களால் விளையும் மைட்டோகாண்ட்ரியா நோய்கள் வேறு, அவற்றில் சொந்தத் திருமணம் கேடு செய்யக்கூடும்.) எனினும், ஒருவன் தன் மகனுக்கு உடன்பிறந்தாளின் மகளைக் கட்டிவைக்கும்போது, அவனோடு நின்றிருக்க வேண்டிய அவன் தாயின் மைட்டோகாண்ட்ரியா மருமகள் மூலம் அவ்வீட்டிற்கே திரும்பிவருவதால், பாட்டனின் நோய் மகன்வழிப் பேரனுக்கு இறங்கியதாக ஒரு மயக்கம் நேர்கிறது. குடும்ப விருத்தாந்தம் கேட்கும் வைத்தியர் இதனை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

1962-இல் சுவீடனின் ரோல்ஃப் லுஃப்ட் குழுவினர் மைட்டோகாண்ட்ரியா நோயாளி ஒருவரை முதன்முதல் விவரித்தனர். 1981-இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏயின் 16,569 எழுத்துகளையும் வாசித்து முடித்தனர். 1988-இல் நோய் தரும் பிறழ்வுகள் வெளிப்பட்டன. அதன் பின்னரே, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்க்குத் தெரிந்தெடுக்கும் வழிகள் பிறந்தன. கருவைப் பதிக்குமுன் சோதித்து, பிறழ்வு குறைந்ததைத் தேர்வது ஒன்று. பிறர் கருமுட்டையைப் பெறுவது மற்றொன்று. கருமுட்டையைத் தங்கையிடம் கேட்கலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால், தங்கையின் மைட்டோகாண்ட்ரியாவும் அதே தாயிடமிருந்து வந்ததாதலால், அந்த அன்பு இங்கே பயன்படாது.

கருமுட்டைகள் அனைத்திலும் பிறழ்வே நிறைந்த ஸ்திரீகளுக்குக் கருச் சோதனையும் உதவாமையால், இங்கிலாந்தின் நியூகாசில் ஆராய்ச்சியாளர் மூன்றாவது வழியை நாடினர். தம்பதியின் கருவுற்ற முட்டையிலிருந்து தாய், தந்தை இருவரின் முன்னுட்கருக்களை (ஒன்றாக இணையுமுன் உள்ள உட்கருக்களை) நுண்ணிய கண்ணாடிக் குழலால் உறிஞ்சியெடுத்து, நோயற்ற மைட்டோகாண்ட்ரியா கொண்டதும் தன் முன்னுட்கருக்கள் நீக்கப்பட்டதுமான, தானமாகப் பெற்றுக் கருவுறச் செய்த முட்டையினுள் வைக்கும் மைட்டோகாண்ட்ரியா தானம் என்னும் அம்முறைக்கு, 2015-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இசைவளித்தது. 2025-இல் இம்முறையில் பிறந்த எட்டுக் குழந்தைகளின் விவரம் வெளியாயிற்று. ஐவரிடம் பிறழ்வு தென்படவில்லை, மூவரிடம் 5 முதல் 20 விழுக்காடு வரை இருந்தது. ஆகவே, இம்முறை ஆபத்தைப் பெரிதும் குறைக்கிறது. அடியோடு நீக்குவதாகச் சொல்ல இயலாது என்பதே என் அபிப்பிராயம்.

நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் கருச் சோதனையையும் கருமுட்டைத் தானத்தையும் அனுமதிக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தானத்திற்கென அதில் விதியில்லை. தானம் செய்பவர் ஆயுளில் ஒரே முறை, ஏழு முட்டைகளுக்கு மேற்படாமல் தரலாம் என்னும் வரையறை, பல முட்டைகள் வேண்டப்படும் இம்முறைக்கு மிகக் குறுகியது. அதற்கும் முற்பட்ட தேவை நோயறிதலே. மதுரை அரவிந்த் நிறுவனத்தார் பங்குகொண்டு 2010-இல் வெளியான ஆய்வு, மைட்டோகாண்ட்ரியா நோய்களுள் ஒன்றான லெபர் பார்வை நரம்பு நோயில் மேனாடுகளில் பெரிதும் காணப்படும் பிறழ்வுகள் இந்திய நோயாளரிடையே குறைவு என்று காட்டியது. எனவே, மேனாட்டுப் பட்டியலை வைத்துச் சோதித்து, இல்லையென்று வரும் பதிலை முடிவாகக் கொள்ளலாகாது. நோயின் பிறழ்வு இன்னதென்று தெரியாமல் கருச் சோதனை நடைபெறாது. ஆகையால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த புதுக்கோட்டை மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி உட்பட ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரியிலும், மரபியல் ஆலோசனையும் முழு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ சோதனையும் ஏழைத் தாய்மார்க்கு இலவசமாகக் கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும்.