நாணேகாட்: கல்லில் எழுதின கணக்கு

1998-ல் தாதர் எக்ஸ்பிரஸில் ஒரு சூட்கேஸும் ஊறுகாய் பாட்டிலுமாக வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த மலை சுவாமிமலைதான். (அங்கே மலையே கிடையாது, கட்டுமலை, அறுபது படி. அது வேறு விஷயம்.) மும்பைக்காரர்கள் அப்படி இல்லை. ஜூன் மாதம் மழை இறங்கிவிட்டால் ஒருத்தருக்கும் கால் வீட்டில் நிற்காது. ஞாயிறு விடிகாலை லோக்கலில் பாதிப்பேர் முதுகில் மூட்டையோடு கர்ஜத் பக்கமும் கசாரா பக்கமும் போய்க்கொண்டிருப்பார்கள். ஐந்து வருடம் வேடிக்கை பார்த்தேன். 2003 ஜூலையில் ஆபீஸ் மராட்டி நண்பர்கள் என்னையும் இழுத்துக்கொண்டு போன இடம்தான் நாணேகாட்.

மும்பையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். கல்யாணில் சிவப்பு எஸ்.டி. பஸ் பிடித்து, முர்பாட், டோகாவடே தாண்டி, வைஷாகரே கிராமத்துக்குப் பக்கத்தில் இறங்கவேண்டும். கல்யாணிலிருந்து அகமத்நகர் போகிற சாலை அது (அந்த ஊர் 2024-ல் அகில்யாநகர் ஆகிவிட்டது). இறங்கி நிமிர்ந்து பார்த்தால் எதிரே சஹ்யாத்ரி சுவர் மாதிரி நிற்கும். அதில் ஒரு பாறை மட்டும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ‘நானாவின் கட்டைவிரல்’ என்று மராட்டியில் பெயர். அந்த விரலுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளவுதான் கணவாய்.

நானா என்று ஒருத்தன் இருந்தான், மலையைக் குடைந்து வழி போட்டான் என்று கதை சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு விளக்கம். மராட்டியில் ‘நாணே’ என்றால் காசு. ‘நாணகம்’ என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. நம் ‘நாணய’மும் அதே குடும்பம்தான். காசு வசூல் செய்த கணவாய், அதனால் நாணேகாட். நம் மொழியில் அந்த வார்த்தைக்கு நேர்மை என்றும் ஒரு அர்த்தம் உண்டு என்று நண்பரிடம் சொன்னேன். “சுங்கச்சாவடியில் அதை எழுதிப் போடலாமே” என்றார் :-)

ஏற்றம் இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். முதலில் காடும் ஓடையுமாக சமதரை, அப்புறம் கல் பாவின பழைய பாதை. மழையில் வழுக்கும், செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள். இரண்டு பக்கமும் கார்வி என்று ஒரு செடி ஆள் உயரத்துக்குப் புதராக நிற்கும். எட்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் என்றார்கள். நம் நீலக்குறிஞ்சியின் பங்காளி. பூக்கிற வருடமாகப் பார்த்துப் போகிற அதிர்ஷ்டம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

மேலே நெருங்க நெருங்கப் பாதை இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே ஒடுங்கிவிடும். அதற்குச் சற்றுக் கீழேதான் குகை. செதுக்கிய சதுர அறை, மூன்று பக்கமும் கல் பெஞ்ச். நனைந்துபோன நாங்கள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து வடா பாவ் தின்றோம். சுவர் முழுக்கக் கீறல். யாரோ பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போன காதலர் பெயர்களும் உண்டு. நான் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டேன். அப்போது நண்பர்களில் ஒருத்தர், “நீ ஆடிட் ஆள்தானே, இதைப் பார்” என்று ஒரு இடத்தைக் காட்டினார். “இது எண். இரண்டாயிரம் வருஷத்துக் கணக்கு.”

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

1828-ல் இதைப் பற்றி வெளியுலகுக்குச் சொன்னவர் வில்லியம் சைக்ஸ். பம்பாய் ராணுவ அதிகாரி, தக்காணத்தில் புள்ளிவிவரம் சேகரிப்பதுதான் அவருக்கு அரசாங்கம் கொடுத்திருந்த வேலை. எழுத்தைப் பார்த்தாரே தவிர அப்போது யாராலும் அதைப் படிக்கமுடியாது. 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தின் பூட்டைத் திறந்த பிறகுதான் வழி பிறந்தது. 1870களில் பகவான்லால் இந்திராஜி வந்து எண்களைக் கண்டுபிடித்தார். ஜூனாகட்டில் பிறந்து பம்பாயில் உழைத்த அறிஞர். 1883-ல் ஜெர்மன்காரர் பியூலர் முழு வாசகத்தையும் பதிப்பித்தார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு. கி.மு. முதல் நூற்றாண்டு என்பவர்கள் பின்னால் அதிகமானார்கள்.

இடது சுவரில் 10 வரி, வலது சுவரில் 10 வரி. மொழி பிராகிருதம். எழுதவைத்தவள் ஒரு ராணி, பெயர் நாகனிகா. சாதவாகன அரசன் சாதகர்ணியின் மனைவி. தர்மத்துக்கும் இந்திரனுக்கும் வணக்கம், சங்கர்ஷணன், வாசுதேவனுக்கு வணக்கம், சந்திர சூரியருக்கு வணக்கம், திசை காக்கும் தெய்வங்களுக்கு வணக்கம் என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் தன்னைப் பற்றிச் சொல்கிறாள். மாதக்கணக்கில் உபவாசம் இருப்பவள், வீட்டிலேயே தவம் செய்பவள், பிரம்மச்சரியம் காப்பவள். கணவன் இறந்தபின் சிறு பிள்ளைக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்டவள் என்று அறிஞர்கள் இதை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு வருவது யாகங்களின் பட்டியல். அசுவமேதம், ராஜசூயம் என்று பெயர் பெயராக வரும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தட்சிணை என்ற கணக்கும் உண்டு. 12 பசு, 1 குதிரை. 1,700 பசு, 10 யானை. 11,000 பசு, 1,000 குதிரை. 24,400 காசு. வாசகம் பல இடங்களில் சிதைந்துபோய் எந்த யாகத்துக்கு எந்தத் தொகை என்பதே சில வரிகளில் பிடிபடுவதில்லை. எண் மட்டும் தப்பித்து நிற்கிறது. பாதி கிழிந்த லெட்ஜரைக் கையில் கொடுத்து டேலி பண்ணு என்றால் எப்படி இருக்கும், அப்படி.

யாகம் செய்தது ராஜாவா ராணியா என்று ஒரு சண்டை உண்டு. பெண் தனியாக யாகம் செய்ய சாஸ்திரம் இடம் கொடுக்காது, ஆகவே புருஷன் இருந்தபோது அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்பது ஒரு கட்சி. இருக்கட்டும். கணக்கு எழுதினது யார் என்பதில் சந்தேகமில்லையே. இருவர் பெயரும் சேர்த்துப் பொறித்த வெள்ளிக்காசுகூடக் கிடைத்திருக்கிறது. அவள் வெறும் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்பதை நான் நம்பத் தயாரில்லை.

பின்சுவரில் எட்டு சிலைகள் ஆள் உயரத்துக்கு இருந்தன. இப்போது ஒன்றும் இல்லை, சில பாதங்களின் சுவடு மட்டும். மேலே பெயர்கள் மட்டும் இருக்கின்றன. வம்சத்தை ஆரம்பித்த சிமுகன், நாகனிகாவும் சாதகர்ணியும், சில குமாரர்கள். நடுவில் ‘மஹாரதி திரணகயிரோ’ என்று ஒருத்தர். அது நாகனிகாவின் அப்பா! புகுந்த வீட்டு ராஜாக்களின் வரிசையில் பிறந்த வீட்டுக்கும் ஒரு சிலை.

எண்களுக்கு வருகிறேன். இந்தியாவில் இத்தனை எண்குறிகள் ஒரே இடத்தில் இவ்வளவு பழையதாகக் கிடைப்பது அபூர்வம். ஒன்றுக்குப் படுக்கையாக ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு கோடு. 7-ஐயும் 9-ஐயும் இன்றைய ஆளே ஓரளவு யூகித்துவிடலாம். ஆனால் பூஜ்யம் கிடையாது, இடமதிப்பும் கிடையாது. பத்துக்குத் தனிக் குறி, நூறுக்குத் தனிக் குறி, ஆயிரத்துக்குத் தனிக் குறி. நானூறு எழுத நூறின் குறியோடு நாலை ஒட்டவைப்பார்கள்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றுகிறதா? தமிழ் எண்கள்! ௰, ௱, ௲. பழைய முறையில் 24,400-ஐ ௨௰௪௲௪௱ என்றுதான் எழுதுவார்கள். என் அம்மாவின் அப்பா கும்பகோணத்துப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. வீட்டுக் கணக்கையெல்லாம் கடைசி வரை இப்படித்தான் எழுதினார். அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நானும் என் தம்பியும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அப்பா போய்விட்டார். அப்புறம் அம்மா எழுதிய நோட்டுகளில் பால் பாக்கி, ஃபீஸ், மளிகை எல்லாம் சாதாரண எண்ணில் இருக்கும். யாரிடமாவது கடன் வாங்கியது மட்டும் தமிழ் எண்ணில் இருக்கும், பிள்ளைகள் படித்துவிடக் கூடாது என்று. இது எங்களுக்குத் தெரிந்ததே நாங்கள் வேலைக்கு வந்த பிறகுதான்.

சரி, கணவாய்க்கு மேலே போவோம். பிளவைத் தாண்டி ஏறினால் ஒரு பெரிய கல் ஜாடி. சுங்கக் காசு போட வைத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். மிஞ்சியிருக்கும் கல்வெட்டு வரிகளில் சுங்கம் பற்றிப் பேச்சில்லை. ஆனால் இடம் அப்படிப்பட்ட இடம். கீழே கொங்கணத்தில் கல்யாண், சோபாரா துறைமுகங்கள். மேலே ஜுன்னார், அதைத் தாண்டிப் போனால் தலைநகர் பைத்தான். ஜுன்னாரைச் சுற்றி 200-க்கும் மேல் குடைவரைகள், அவற்றில் யவனர்கள் கொடுத்த தானங்களும் பதிவாகியிருக்கின்றன. கப்பல் சரக்கு மாட்டு முதுகில் ஏறி இந்தப் பிளவு வழியாகத்தான் போயாகவேண்டும். 1,700 பசு கொடுத்த கணக்கை அரண்மனையில் எழுதாமல் வியாபாரி மூச்சு வாங்கி உட்காரும் அறையில் எழுதினாளே, அதுதான் சாமர்த்தியம்.

இந்தப் பாதைக்காக ரத்தமும் சிந்தியிருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமியின் கையேடான பெரிப்ளூஸ், கல்யாண் துறைமுகம் முடக்கப்பட்டுவிட்டது, அங்கே ஒதுங்கும் கிரேக்கக் கப்பல்களைக் காவலோடு பரூச்சுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று எச்சரிக்கிறது. வடக்கிலிருந்து வந்த சகர்களுக்கும் சாதவாகனர்களுக்கும் நடந்த போட்டி அது. கடைசியில் கௌதமிபுத்திர சாதகர்ணி சக அரசன் நகபானனை ஒழித்தான். 1906-ல் நாசிக் மாவட்டம் ஜோகல்தெம்பியில் 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. எல்லாம் நகபானன் காசு. அதில் 9,000-க்கும் மேல் கௌதமிபுத்திரன் தன் முத்திரையை மேலே குத்தியவை. எதிரியின் முகத்தின் மேலேயே தன் முத்திரை!

அவனுக்குப் பின் வந்த சாதவாகனர்களின் வெள்ளிக்காசுகளில் நமக்கு ஒரு ஆச்சரியம் இருக்கிறது. ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் ஒரு தென்னாட்டு மொழி. அரசன், மகன், திரு என்று நமக்குப் பிடிபடும் சொற்கள், ‘கு’ வேற்றுமையோடு. தமிழ் என்பார்கள் சிலர், பொதுவாகத் திராவிட மொழி என்பார்கள் சிலர். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவனுக்குக் கங்கையைக் கடக்க ஓடம் கொடுத்த நூற்றுவர் கன்னர் இவர்கள்தான் என்றும் அறிஞர்கள் சொல்வதுண்டு. சதம் என்றால் நூறு அல்லவா.

போன டிசம்பரில் புனேயில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனபோது அம்மாவையும் அங்கே கூட்டிப்போனேன். 76 வயசு, முழங்கால் வலி, ஏறமுடியாது. ஆனால் ஜுன்னார் பக்கமிருந்து காட்கர் கிராமம் வழியாகக் காரிலேயே மேலே வரை வந்துவிடலாம். (மழைக்காலத்தில் காற்று அருவியைத் தலைகீழாக மேலே தூக்கி வீசும் வேடிக்கை பார்க்க இந்த வழியில்தான் கூட்டம் அம்மும். டிசம்பரில் ஈ காக்கை இல்லை.) பாறை விளிம்பிலிருந்து கொங்கணத்தைப் பார்த்துவிட்டு, என் பெண் ஒரு கையையும் மனைவி ஒரு கையையும் பிடிக்க, படிப்படியாகக் குகைக்கு இறங்கி வந்தார்.

கல் பெஞ்சில் உட்கார்ந்து முழுக் கதையும் கேட்டார். சிலையில் அப்பாவைச் சேர்த்ததைச் சொன்னதும், “பொறந்த வீட்டை விட்டுக்கொடுக்கலை பாரு” என்றார். சுவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“இவ்வளவு குடுத்தேன்னு எழுதியிருக்கா, சரி. வரவு எங்கடா?”

“வரவு எழுதலைம்மா.”

“எழுதாம இருப்பாளா? செதஞ்சு போச்சுன்னியே, அதுல இருக்கும்” என்றார். எந்தப் பேராசிரியரும் இதைச் சொல்லி நான் படித்ததில்லை. 

“என்ன அத்தை, நம்ம வீட்டு நோட்டு மாதிரின்னு நினைச்சீங்களா?” என்று மனைவி சிரித்தாள். அம்மா பதில் சொல்லவில்லை. கல் ஜாடிக்குள் யாரோ போட்டிருந்த சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து என் பையில் வைக்கச் சொன்னார்.

மறுநாள் மும்பை திரும்பும்போது எக்ஸ்பிரஸ்வே சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் ‘பீப்’ அடித்துத் தடுப்பு தூக்கியது. எவ்வளவு எடுத்தான் என்று அம்மா கேட்டார். மொபைலில் வந்த மெசேஜைப் பார்த்து என் பெண் சொன்னாள். கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, ஓடுகிற காரிலேயே எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்த என் பெண், “பாட்டி, இது என்ன எழுத்து?” என்றாள்.

தமிழ் எண்ணில் எழுதியிருந்தார். லோனாவ்லா வருவதற்குள் அவளுக்கு ௰-ம் ௱-ம் பழகிவிட்டது.