எண்ணிய காலமும் கேட்டறிந்த காலமும்

காலத்தை அளக்க மனிதன் கைக்கொண்ட உபாயங்களையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்தால், சீராக நிகழும் ஏதோ ஒன்றை ஒன்று, இரண்டு என எண்ணிக்கொண்டே போவது, நம்பத்தக்க ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்னும் இரண்டு வகைக்குள் அவை பெரும்பாலும் அடங்கிவிடும். முல்லைப்பாட்டின் பாசறையில் நீர்வட்டிலைக் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு அறிவிப்போர் முதல் வகையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கண்விழித்திருக்கும் வரையில்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு. அரை ஜாமம் கண்ணயர்ந்துவிட்டால், போன நாழிகையை வட்டில் திருப்பித் தராது. கணினி என்னும் யந்திரமும் நெடுங்காலம் எண்ணியே பொழுதை அறிந்துவந்தது. அது தனியொரு யந்திரமாக ஓய்வின்றி விழித்திருந்த வரையில் இந்தச் சம்பிரதாயத்தில் பெரிய குறை எதுவும் தென்படவில்லை. ஒரே யந்திரத்துக்குள் பல கணினிகள் குடியேறி, ஒன்று விழித்தால் மற்றவை உறங்கியே தீரவேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் குழப்பம் ஆரம்பமாயிற்று.

இவ்வாறு யந்திரத்துக்குள் குடியேறிய மெய்நிகர் கணினியின் கடிகாரம் பின்தங்குகிறது, முந்துகிறது, கணினியே மந்தமாகிவிடுகிறது என்ற புகார்கள் இந்த நூற்றாண்டில்தான் எழுந்தன என்று கருதுவோர் பலர். ஆனால் அதன் வேர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனம் நடத்திய விஞ்ஞான நிலையத்தில், 1960-களிலேயே ஊன்றிவிட்டது. ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ முதலியோர் சிஸ்டம்/360 வரிசையைச் சேர்ந்த 40-ஆம் மாடல் ஒன்றைத் திருத்தியமைத்து, அதன்மேல் சி.பி.-40 என்னும் கட்டுப்பாட்டு நிரலை ஏற்றி, 1967 ஜனவரியில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். யந்திரம் ஒன்றுதான், ஆனால் அது பதினான்கு கணினிகளாகக் காட்சி தந்தது, பயன்படுத்திய ஒவ்வொருவரும் முழு யந்திரமும் தமக்கே உரியது என்ற இனிய பிரமையில் வேலை செய்தார்கள். அதையடுத்து 67-ஆம் மாடலுக்கென்று சி.பி.-67 வந்தது; 1972 ஆகஸ்டு 2-ஆம் தேதி வி.எம்./370 என்ற பெயரில் அதன் வாரிசை ஐ.பி.எம். உலகுக்கு அறிவித்தது.

அந்த 360 கணினிகள் பொழுதறிந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நினைவகத்தின் 80-ஆம் முகவரியில் ஓர் எண் இருக்கும். மின்சாரம் விநாடிக்கு 60 முறை அலைவுறும் நாட்டில் ஒவ்வோர் அலைவுக்கும் அதிலிருந்து ஐந்தும், 50 முறை அலைவுறும் நாட்டில் ஆறும் கழிக்கப்படும். ஆக, எந்த ஊரில் வைத்தாலும் விநாடிக்கு முந்நூறு குறையும். எளிமையும் சாமர்த்தியமும் கூடிய ஏற்பாடுதான். ஆனால் மெய்நிகர் கணினிக்கும் அதே 80-ஆம் முகவரியில் ஓர் எண்ணைக் காட்டியாக வேண்டுமே. அதை எப்போது குறைப்பது? செயலி அதன் வசம் இருக்கும் கணங்களில் மட்டும் குறைத்தால், ஒரு நிரல் எவ்வளவு செயலி நேரத்தைச் செலவிட்டது என்பது தெரியும். சுவரில் தொங்கும் கடிகாரத்தோடு மட்டும் ஒட்டாது. அது சும்மா காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் குறைத்தால் சுவர்க் கடிகாரத்தை ஓரளவு நெருங்கும். செலவுக் கணக்குக் கெட்டுவிடும். வி.எம்./370-ஐ ஆக்கியவர்கள் இதற்குத் தீர்ப்புக் கூறாமல், ‘செட் டைமர் ஆன்’ என்று ஆணையிட்டால் முதல் வழி, ‘செட் டைமர் ரியல்’ என்று ஆணையிட்டால் இரண்டாம் வழி என, பொறுப்பைப் பயன்படுத்துவோரிடமே ஒப்படைத்துவிட்டார்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்வதற்கில்லை. பின்னால் வந்தவர்களில் பலர் இரண்டும் வெவ்வேறு காலங்கள் என்பதையே உணராமல் இடர்ப்பட்டதைப் பார்க்கும்போது, இவர்களுடைய நேர்மையை மெச்சவே தோன்றுகிறது.

இதற்குள் ஐ.பி.எம். தன் சிஸ்டம்/370 வரிசையில் வேறு தினுசான கடிகாரம் ஒன்றையும் வைத்துவிட்டது. 1900 ஜனவரி 1-ஆம் தேதியைத் தொடக்கமாகக் கொண்டு, மைக்ரோ விநாடி மைக்ரோ விநாடியாகத் தானே ஓடிக்கொண்டிருக்கும் அதனிடம் ஒரே கட்டளையால் மணியைக் கேட்டுக்கொள்ளலாம். எந்த நிரலும் விழித்திருந்து எண்ண வேண்டியதில்லை. (2042 செப்டம்பர் 17-ஆம் தேதி அதன் இலக்கங்கள் நிரம்பிவிடும் என்பது வேறு கதை.) இவ்வாறு பெரிய கணினிகளின் உலகம் எண்ணுவதிலிருந்து கேட்பதற்கு 1970-களிலேயே நகரத் தொடங்கிற்று.

சிறு கணினிகளை ஆக்கியவர்களுக்கு இந்தப் பாடம் எட்டவில்லை. எட்ட வேண்டிய அவசியமும் அன்று இல்லை. அதே ஐ.பி.எம். 1981-இல் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரில், அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் அலைவெண்ணுக்கு ஒத்துவரும் 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றைப் பொருத்தி, அதைப் பன்னிரண்டால் வகுத்து வந்த துடிப்பைக் காலங்காட்டும் சில்லுக்குக் கொடுத்தார்கள். அந்தச் சில்லு 65,536 வரை எண்ணி எண்ணி ஒரு குறுக்கீட்டை எழுப்பும். விநாடிக்கு ஏறக்குறைய 18.2 முறை. இந்த விகாரமான எண்ணுக்குத் தொலைக்காட்சிப் படிகத்தைத் தவிர வேறு சாஸ்திரம் கிடையாது. குறுக்கீடு வரும்போதெல்லாம் செயலி கைவேலையை நிறுத்தி, கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டு, விட்ட வேலைக்குத் திரும்பும். பின்னர் வந்த லினக்ஸ் என்னும் இயங்குதளம் இத்தகைய சில்லுகளில் இந்தக் குறுக்கீட்டுத் துடிப்பை விநாடிக்கு நூறாக வைத்துக்கொண்டது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்பில் அதை ஆயிரமாக உயர்த்தியது. மேசைக் கணினிக்கு அது நன்மையே செய்தது.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியிலிருந்து கிளைத்து 1998-இல் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனம், அடுத்த ஆண்டே இந்தச் சாதாரணக் கணினிகளுக்குள் மெய்நிகர் கணினிகளைக் குடியேற்றியபோது, பழைய வினா புதிய வேஷத்தில் வந்து நின்றது. ஒரு சர்வரில் பத்துக் கணினிகள் குடியிருக்கின்றன என்று கொள்வோம். அவற்றில் ஒன்றின் முறை வருவதற்குள் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிட்டால், அதற்குச் சேரவேண்டிய இருநூறு துடிப்புகள் வாசலில் காத்துக்கிடக்கும். அவற்றைக் கைவிட்டால் அதன் கடிகாரம் பின்தங்கும். சேர்த்துவைத்து முறை வந்ததும் விரைவாகக் கொடுத்தால், சற்று நேரம் உள்ளே காலம் தாறுமாறாக விரைந்தோடி, பிறகு சமனாகும். வி.எம்.வேர் இரண்டாவதையே செய்தது. ஆனாலும் சுமை மிகுந்த சர்வரில் கடன் முழுவதும் தீர்வதில்லை. விசித்திரம் என்னவென்றால், லினக்ஸின் கெர்னல்கள் என்னும் மையநிரல்களில் சில, துடிப்புகள் தவறியதைத் தாமே கண்டுபிடித்துக் கணக்கில் கூட்டிக்கொள்ளும் சாமர்த்தியம் படைத்திருந்தன. ஹோஸ்ட் எனப்படும் தாங்கும் யந்திரம் ஒருபுறம் கடனைத் திருப்பிச் செலுத்த, கெஸ்ட் எனப்படும் குடியிருக்கும் கணினி மறுபுறம் அதே தொகையைத் தானாகவே வரவு வைத்துக்கொள்ள, கடிகாரம் பின்தங்குவதற்குப் பதிலாக முந்திக்கொண்டு ஓடிற்று. இரு தரப்பிலும் குற்றம் சொல்ல முடியாத இந்தப் பிழை நிர்வாகிகளை வெகுவாக அலைக்கழித்தது.

பரிகாரங்களும் பலவாறு முளைத்தன. பின்னாளில் டெலாவேர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் 1985-இல் வரையறுத்த, வலையமைப்பின் வழியே மணி கேட்டறியும் என்.டி.பி. முறையை எல்லோரும் முதலில் நாடினார்கள். அது மெல்லத் திருத்தும் கடிகாரப் பிழைக்கு ஓர் எல்லை உண்டு: பத்து லட்சத்துக்கு ஐந்நூறு, அதாவது ஒரு நாளைக்கு 43 விநாடி. நல்ல படிகத்தின் சிறு பிசகுக்கு அது தாராளம். மணிக்குப் பல நிமிஷம் தவறவிடும் மெய்நிகர் கணினிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். மாலையில் நிறுத்திவைத்துக் காலையில் எழுப்பிய கணினி, முந்தைய நாளின் மாலை நேரத்தையே காட்டிக்கொண்டு விழிக்கும்; பிழை ஆயிரம் விநாடிக்கு மேற்பட்டால், இது நம்மால் ஆகாது என்று என்.டி.பி. நிரல் தன் வேலையையே நிறுத்திக்கொள்ளும். வி.எம்.வேர் தந்த துணைநிரல் நிமிஷத்துக்கு ஒருமுறை ஹோஸ்டைக் கேட்டு, பின்தங்கிய கடிகாரத்தை முன்னே தள்ளிற்று. முந்திப்போனதைப் பின்னுக்கு இழுக்கும் வழக்கம் அதன் பழைய பதிப்புகளில் இல்லை. விண்டோஸ் வலையங்களில், கடிகாரங்கள் ஐந்து நிமிஷத்துக்குமேல் முரண்பட்டால் கெர்பரோஸ் என்னும் அடையாளச் சோதனை முறை அனுமதி மறுக்கும் என்பதால், காலப்பிழை உள்நுழைவுப் பிழையாகவும் வடிவெடுத்தது. வலையத்தை ஆளும் டொமைன் கண்ட்ரோலர் தானே மெய்நிகர் கணினியாக இருந்து ஹோஸ்டைக் கேட்க, ஹோஸ்ட் அதே டொமைன் கண்ட்ரோலரைக் கேட்க, இருவரும் ஒற்றுமையாகத் தவறான மணியைக் காட்டிய அலுவலகங்களும் உண்டு.

மந்தமும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். விநாடிக்கு ஆயிரம் துடிப்பு என்பது சும்மா இருக்கும் கணினிக்கும் பொருந்தும். அத்தகைய இருபது கணினிகள் சும்மா இருந்தாலே, இருபதாயிரம் முறை செயலியைத் தட்டி எழுப்பும். இந்த அநியாயத்தை முதலில் உணர்ந்தவர்கள் பழைய வி.எம். பரம்பரையினரே. நூற்றுக்கணக்கான லினக்ஸ்களை மெயின்பிரேம் என்னும் பெருங்கணினி ஒன்றிலேயே ஓட்டிய ஐ.பி.எம்.மின் ஜெர்மானியப் பொறியாளர்கள், வெறும் நூறு துடிப்பே செயலியை அரிப்பதைக் கண்டு, வேலையில்லாதபோது துடிப்பே வேண்டாம் என்னும் திருத்தத்தை 2001-இல் முன்வைத்தார்கள். அந்தக் கருத்து சாதாரணக் கணினிகளின் லினக்ஸுக்கு 2007-இல்தான் வந்து சேர்ந்தது. அது வந்து சேராத தன் பழைய கெர்னல்களில் ரெட் ஹாட் நிறுவனம் ‘டிவைடர்=10’ என்ற சொல்லுக்கு இடமளித்து, ஆயிரத்தை மீண்டும் நூறாக்க வழிசெய்தது; எந்தக் கடிகாரத்தை நம்புவது என்று கெர்னலுக்குச் சொல்லும் ‘நோடிஎஸ்சி’, ‘க்ளாக்=பிட்’ போன்ற சொற்களை, அது தொடங்கும்போது படிக்கும் தொடக்க வரியில் எழுதுவதும் நிர்வாகிகளின் நித்திய கர்மமாயிற்று.

1993-இன் பெண்டியம் செயலியிலிருந்தே துடிப்பை எண்ணாமல் கேட்டறிய ஒரு வழி இருந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். செயலியின் சுழற்சிகளைத் தானே எண்ணும் டி.எஸ்.சி. என்ற பதிவேடு அது. ஆனால் மின்சாரத்தைச் சேமிக்கச் செயலிகள் வேகத்தை மாற்றிக்கொள்ளத் தொடங்கியதும் அந்தப் பதிவேடும் கூடவே வேகம் மாறிற்று. மடிக்கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினால் உள்ளே ஓடும் கெஸ்டின் காலமே பிசகிப்போன வேடிக்கைகள் நிகழ்ந்தன. செயலி வேகம் மாறினாலும் உறங்கினாலும் கணக்கு மாறாத டி.எஸ்.சி., 2008-இல் இன்டெலின் நெஹேலம் செயலியோடு வந்த பிறகே, அது பொதுவாக நம்பத்தக்கதாயிற்று.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான ஜென் என்னும் மெய்நிகராக்க நிரல் 2003-இல் கண்ட தீர்வு என் கருத்தில் எல்லாவற்றினும் தெளிவானது. கெஸ்ட் தான் மெய்நிகர் கணினி என்பதை அறிந்தே இருக்கட்டும் என்று கொண்டு, யந்திரம் தொடங்கியது முதல் ஓடும் மெய்க்காலம், தான் செயலியில் இருக்கும்போது மட்டும் ஓடும் மெய்நிகர் காலம், சுவர்க் கடிகாரக் காலம் என மூன்றையும் பிரித்தே அதற்கு அது வழங்கியது. மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் ஆணைகளாக இருந்த வேறுபாடு இங்கே வெளிப்படையாக வகுக்கப்பட்டது. லினக்ஸின் மெய்நிகராக்க ஏற்பாடான கே.வி.எம்.மும் 2008-இல் தன் கடிகாரத்தை இதே மரபில் அமைத்துக்கொண்டது. காலத்தைக் கேட்பதற்கும் விலை உண்டு என்பதையும் அப்போது உணர்ந்தார்கள்: டி.எஸ்.சி.யைக் கெஸ்ட் நேரே வாசித்துவிடலாம். பழைய சில்லின் பாவனையிடம் கேட்டாலோ ஒவ்வொரு கேள்விக்கும் மெய்நிகர் கணினிகளை ஆளும் ஹைப்பர்வைசர் வரை போய்த் திரும்ப வேண்டும். அடிக்கடி மணி கேட்கும் தரவுத்தளம் அதனாலேயே தளர்ந்துவிடும்.

ஆகவே, பழைய மெய்நிகர் கணினிகளைப் பராமரிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடிகாரம் பிசகினால், கெஸ்டைத் திருத்தப் புகுமுன் ஹோஸ்டின் சுமையையும், ‘டாப்’ ஆணை காட்டும் ‘எஸ்டி’ என்ற திருட்டு நேரத்தையும், அதாவது கெஸ்ட் வேலைக்குக் காத்திருக்கச் செயலி பிறரிடம் போய்விட்ட நேரத்தையும் பாருங்கள். காலத்தைத் திருத்தும் வேலையை என்.டி.பி.யிடமோ துணைநிரலிடமோ ஒருவரிடம் மட்டுமே விடுங்கள். தொடக்க வரியில் யாரோ என்றோ எழுதிவைத்த டிவைடரும் நோடிஎஸ்சியும் இன்னும் அங்கேயே இருக்குமானால், கெர்னல் புதியதா என்று உறுதிசெய்துகொண்டு அவற்றை நீக்கிவிடுங்கள்; பழைய நோய் போன பிறகும் தொடரும் அந்த மருந்தே இன்றைய மந்தத்துக்குக் காரணமாக இருக்கக்கூடும்.