எண் அணியின் ஒரு பகுதியை மட்டும் வரிசைப்படுத்துவது எப்படி? எல்லைக் குறியில் கவனம் ஏன் அவசியம்?

கணினி நிரலாக்கத்தில், முழு எண்கள் அடங்கிய அணியைத் தொடக்கம் முதல் இறுதி வரை வரிசைப்படுத்தாமல், தேவையான பகுதியை மட்டும் வரிசைப்படுத்துவது நேரத்தைக் கணிசமாக மிச்சப்படுத்துகிறது. எனினும், அந்தப் பகுதியின் எல்லையைக் குறிப்பதில் ஓரிடம் பிசகினாலும் முடிவு தவறாகிவிடும். பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் தோன்றாது என்பதே இதிலுள்ள ஆபத்து.

எல்லை எங்கே முடிகிறது?

அர்ரே எனப்படும் அணியில் எண்கள் அடுத்தடுத்த இடங்களில் சேமிக்கப்படுகின்றன. ஜாவா, சி++, பைத்தான் ஆகிய மொழிகளில் முதல் இடத்தின் எண் 0 ஆகும். 42, 17, 93, 8, 65, 31, 77, 20 என்ற எட்டு எண்களில் 2-ஆம் இடம் முதல் 5-ஆம் இடம் வரை உள்ள நான்கு எண்களை மட்டும் ஏறுவரிசையில் அமைக்க வேண்டும் எனக் கொள்வோம். சரியான விடை 42, 17, 8, 31, 65, 93, 77, 20 என்பதாகும்.

ஜாவா மொழியின் வரிசைப்படுத்தும் செயற்கூறுக்கு இங்கு 2, 6 என்ற எண்களை அளிக்க வேண்டும். தொடக்க எல்லை கணக்கில் சேரும். இறுதி எல்லை சேராது. 6-லிருந்து 2-ஐக் கழித்தால் பகுதியின் நீளமான 4 நேரடியாகக் கிடைப்பது இம்முறையின் வசதி. சி++ மொழியும் இதே மரபைப் பின்பற்றுகிறது.

இறுதி எல்லையும் சேரும் எனக் கருதி 2, 5 என அளித்தால் மூன்று எண்கள் மட்டுமே வரிசையாகும். அப்போது 42, 17, 8, 65, 93, 31, 77, 20 என்ற விடை கிடைக்கும். 31 தன் இடத்தைச் சேராமல் நின்றுவிடும். நிரலோ தடையின்றி இயங்கி முடியும்.

நகலா, மூலமா?

பைத்தானில் பட்டியலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து வரிசைப்படுத்தினால், நகல் மட்டுமே வரிசையாகும். மூலப் பட்டியல் மாறாது. வரிசையான பகுதியை அதே இடத்தில் மீண்டும் பொருத்த வேண்டும். ஆனால் அறிவியல் கணக்கீடுகளுக்குப் பயன்படும் நம்பை நூலகத்தின் அணியில் இவ்வாறு வெட்டியெடுத்த பகுதியை வரிசைப்படுத்தினால் மூலமே மாறிவிடும்.

முதல் 100 மட்டும் போதுமெனில்

பகுதியளவு வரிசைப்படுத்தலின் மற்றொரு வடிவம், மிகப்பெரிய அல்லது மிகச்சிறிய சில எண்களை மட்டும் கண்டறிவதாகும். 10 லட்சம் எண்களை முழுமையாக வரிசைப்படுத்த ஏறத்தாழ 2 கோடி ஒப்பீடுகள் தேவைப்படும். அவற்றில் மிகப்பெரிய 100 எண்கள் மட்டும் போதுமெனில், அதுவரை கண்ட 100 பெரிய எண்களைத் தனியே வைத்துக்கொண்டு, புதிய எண் ஒவ்வொன்றையும் அவற்றில் சிறியதுடன் ஒப்பிடலாம். எண்கள் கலைந்த நிலையில் இருந்தால், பெரும்பாலானவை ஒரே ஒப்பீட்டில் விலக்கப்படும்; மொத்த ஒப்பீடுகள் 10 லட்சத்தைச் சற்றே தாண்டும்.

குறிப்பிட்ட இடத்திற்குரிய எண்ணை மட்டும் கண்டறியும் வழிமுறையை, 1934-ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்த பிரிட்டன் கணினி அறிவியலாளர் டோனி ஹோர் 1961-இல் வெளியிட்டார். புகழ்பெற்ற குவிக்சார்ட் முறையை வகுத்தவரும் அவரே. 1980-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஓர் எண்ணைத் தேர்ந்து, அதைவிடச் சிறியவற்றை ஒருபுறமும் பெரியவற்றை மறுபுறமும் பிரித்து, தேவையான இடம் உள்ள பக்கத்தில் மட்டும் தேடலைத் தொடர்வது இதன் அடிப்படை. மறுபக்கம் வரிசைப்படுத்தப்படாமலேயே விடப்படும்.

தரவரிசையில் கவனிக்க வேண்டியவை

ஜேஇஇ மெயின் தேர்வை 10 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதுகின்றனர். அவர்களில் முன்னிலை பெறும் சுமார் 2.5 லட்சம் பேர், பிரிவு வாரியாக, ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வுக்குத் தகுதி பெறுகின்றனர். இத்தகைய தேர்வுகளில் எல்லைக்கோட்டிற்கு உள்ளே யார், வெளியே யார் என்பதை மட்டும் அறிய முழுப் பட்டியலையும் வரிசைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் எல்லையில் ஒரே மதிப்பெண் பெற்ற பலர் இருக்கக்கூடும். எண்ணிக்கையை மட்டும் கொண்டு பட்டியலை வெட்டினால், சமமான மதிப்பெண் பெற்றவர்களில் சிலர் சேர்க்கப்பட்டு, சிலர் விடுபடுவர். எனவே, சமநிலையை எவ்வாறு தீர்ப்பது என்பதை நிரல் எழுதும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

மதிப்பெண்கள் ஓர் அணியிலும் பதிவெண்கள் மற்றோர் அணியிலும் இருக்கும்போது, மதிப்பெண் அணியை மட்டும் வரிசைப்படுத்தினால் ஒருவரின் மதிப்பெண் வேறொருவருக்குச் சென்றுவிடும். இரண்டையும் இணைத்தே இடம் மாற்ற வேண்டும்.

சரிபார்ப்பது எப்படி?

வரிசைப்படுத்திய பின் மூன்று சோதனைகள் உதவும். பகுதிக்கு வெளியே உள்ள எண்கள் மாறாதிருக்க வேண்டும். பகுதிக்குள் முன்பிருந்த அதே எண்கள், அதே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். பகுதியின் இரண்டாவது இடம் தொடங்கி கடைசி இடம் வரை எந்த எண்ணும் தனக்கு முந்தையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 93-க்குப் பின் 31 நிற்பதை மூன்றாவது சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.