வேந்தர் வனத்தில் ஒரு நாயின் காலடி

இங்கிலாந்தின் தென்கரைக்கு அணித்தாக நியூ பொறஸ்ட் என்னும் காடு ஒன்று உண்டு. புதுக்காடு என்பது அப்பெயரின் பொருள். பெயர் புதிதாயினும், காட்டின் வயதோ தொள்ளாயிரம் ஆண்டைக் கடந்துவிட்டது. விடுமுறை நாளொன்றின் காலையில் அங்கே செல்வோர் காணும் காட்சி மிக எளியது. கையிலே தடியும் முதுகிலே பையுமாக ஒருவர் நடந்து செல்கின்றார். முன்னும் பின்னுமாக அவருடைய நாய் ஓடுகின்றது. ஓக்கு மரங்களின் நிழல் முடிந்ததும், குறுஞ்செடிகள் படர்ந்த வெட்டவெளி விரிகின்றது. மட்டக் குதிரைகள் ஆங்காங்கே மேய்கின்றன. நடப்பவரை மறித்து, நீர் யார், எங்கே போகின்றீர் என்று கேட்பார் எவருமிலர்.

இதிலே வரலாறு யாது உளது என்று வினவத் தோன்றும். அந்த நாயின் முன்னங்காலை உற்று நோக்கினால் விடை கிடைக்கும். அதன் நகங்கள் யாவும் குறைவின்றி இருக்கின்றன. ஒரு காலத்தில் அவ்வாறு இருந்திருப்பின், அந்நாயை வளர்த்தவர் அரசனுக்குத் தண்டம் இறுக்க நேர்ந்திருக்கும்.

1066 ஆம் ஆண்டில் நோர்மண்டிக் கோமகனாகிய வில்லியம் இங்கிலாந்தை வென்று முடிசூடினான். வேட்டையிற் பெருவிருப்புடைய அம்மன்னன், 1079 ஆம் ஆண்டளவில் நியூ பொறஸ்டைத் தன் வேட்டைக் காடாக வகுத்தான். காடு என்றதும் மரமடர்ந்த நிலத்தையே நாம் நினைக்கின்றோம். அக்காலத்துச் சட்டத்திலோ அச்சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. அரசனுடைய மான்கள் உலவுதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் யாவும் காடே. மரமில்லாத மேய்ச்சல் வெளியும் அதனுள் அடங்கும். ஊர்களும் கழனிகளும்கூட அடங்கும். எசெக்ஸ் மாவட்டம் முழுவதுமே ஒரு காலத்தில் இச்சட்டத்தின் கீழ் இருந்ததென்றால், அதன் பரப்பை ஒருவாறு உணரலாம்.

அவ்வெல்லையுள் வாழ்ந்த குடியானவன் தன் பயிரை மேயும் மானை விரட்டவும் அஞ்சினான். வீட்டைக் காக்க நாய் வேண்டும். ஆனால் நாயோ மானைத் துரத்தும். இவ்விடருக்கு அரசர் கண்ட வழி கொடியது. பெரிய காவல் நாய்களின் முன்னங்காலில் மூன்று நகங்களை விரலோடு வெட்டிவிடுமாறு அவர்கள் விதித்தனர். இச்செயல் நடந்த முறையை, 1598 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வனச்சட்ட நூலில் ஜோன் மான்வூட் என்னும் சட்ட அறிஞர் விளக்குகின்றார். நாயின் முன்னங்காலை ஒரு மரக்கட்டையின்மேல் வைப்பர். இரண்டங்குல அகலமுள்ள உளியை நகங்களின்மீது பொருத்துவர். பின்னர்க் கொட்டாப்புளியால் ஒரே அடி. அந்நாய் அதன்பின் வாயிலிற் படுத்துக் குரைக்கும்; திருடனை அச்சுறுத்தும்; ஆனால் மானைத் தொடர்ந்து ஓட அதனால் இயலாது. அரசனுடைய ஒரு பொழுதுபோக்கின் பொருட்டு ஏழையின் நாய் நொண்டியாயிற்று.

குடிகளின் குறை வளர்ந்தது. பிரபுக்களின் குறையும் அதனோடு சேர்ந்தது. 1215 ஆம் ஆண்டில் ஜோன் மன்னனிடம் பெற்ற மகாசாசனத்தை உலகம் நன்கறியும். அதற்கு ஈராண்டு கழித்து, 1217 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆம் நாள் பிறந்த வனசாசனத்தை அறிந்தோர் சிலரே. அப்பொழுது அரியணையில் இருந்த மூன்றாம் ஹென்றிக்கு வயது பத்து. ஆட்சிப் பொறுப்பைத் தாங்கியவர் முதுபெரும் வீரரான வில்லியம் மார்ஷல். மானைக் கொன்ற குற்றத்துக்காக எவனும் இனி உயிரையோ உறுப்பையோ இழத்தலாகாது என்று அச்சாசனம் விதித்தது. காட்டு நிலத்தில் மேய்ச்சல் முதலிய உரிமைகளையும் அது மக்களுக்கு உறுதிசெய்தது.

நாயையும் அது மறந்திலது. நகம் வெட்டும் வழக்கத்தை முற்றாக ஒழித்திலதாயினும், அதற்கு ஓர் எல்லை வகுத்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறையே நாய்களைப் பார்வையிடல் வேண்டும். அதுவும் ஊர்ப் பெரியோர் முன்னிலையில் நிகழ்தல் வேண்டும். மூன்று நகங்களுக்குமேல் வெட்டலாகாது, அடிப்பாதத்தைத் தொடலாகாது. வெட்டப்படாத நாயை வைத்திருப்பவனுக்குத் தண்டம் மூன்று சில்லிங். அதற்கு ஈடாக அவனுடைய எருதைப் பற்றிச் செல்லலாகாது. எருதைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுத நேர்ந்ததிலிருந்தே, காவலர் முன்னர் எவ்வாறு நடந்தனர் என்பது புலனாகின்றது.

நியூ பொறஸ்டின் நடுவே லிண்ட்ஹர்ஸ்ட் என்னும் ஊரில், வன நீதிமன்றத்தின் பழைய மண்டபத்திலே பெரிய இரும்பு அங்கவடி ஒன்று இன்றும் தொங்குகின்றது. அதனுள் நுழைந்து செல்லத்தக்க சிறு நாய்க்கு நகவெட்டு இல்லை என்பது செவிவழிச் செய்தி. அங்கவடி வில்லியத்தின் மகனாகிய ரூபஸ் மன்னனுடையது என்பர். ஆராய்ந்தோர் அது டியூடர் மன்னர் காலத்தது என முடிவு கூறுவர். எவர் காலத்ததாயினும், நாயை அளந்து பார்த்த ஒரு நாகரிகத்தின் நினைவுச் சின்னம் அது.

காலப்போக்கில் அரசரின் வேட்டை ஆர்வம் குறைந்தது; காட்டுச் சட்டமும் தளர்ந்தது. ஆயினும், குடியானவனுக்கும் அவன் நாய்க்கும் வெளி திறந்துவிடவில்லை. அரசன் விட்ட இடத்தில் நிலப்பிரபு நின்றான். 1604 முதல் 1914 வரை, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சட்டங்களால் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் பொதுநிலமும் வயல்வெளியும் வேலியடைக்கப்பட்டன. ஊரார் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த நிலம், விறகு பொறுக்கிய தோப்பு, நடந்துசென்ற ஒற்றையடிப் பாதை ஆகிய யாவும் தனியார் உடைமையாயின.

இந்நிலை மாறத் தொடங்கியது இலண்டன் மாநகரின் அருகிலேதான். பழைய எசெக்ஸ் வனத்தின் எஞ்சிய பகுதியாகிய எப்பிங் காட்டை நிலக்கிழார்கள் துண்டு துண்டாக வேலியடைத்து வந்தனர். லோட்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த தோமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளி, குளிர்காலத்தில் மரக்கிளை தறிக்கும் ஊரார் உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்தார். 1866 ஆம் ஆண்டில் அவர் குடும்பத்தினர் அதற்காகச் சிறை புகுந்தனர். முந்திய ஆண்டிலே தோன்றியிருந்த பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் அவருக்குத் துணை நின்றது. பின்னர் இலண்டன் நகராட்சியே வழக்காடி, 1874 ஆம் ஆண்டில் வேலியடைப்புகள் செல்லாவெனத் தீர்ப்புப் பெற்றது. 1878 ஆம் ஆண்டுச் சட்டம் எப்பிங் காட்டை மக்களின் உலாவிடமாக்கிற்று. அரசனின் மானுக்கென வகுத்த நிலம், ஞாயிற்றுக்கிழமையில் தொழிலாளி தன் நாயோடு காற்று வாங்கும் நிலமாயிற்று.

வடபாகத்து மலைவெளிகளின் கதை இன்னும் கடினமானது. மான்செஸ்டர், ஷெவீல்ட் நகரங்களின் ஆலைத் தொழிலாளருக்குக் கண்ணெதிரே தெரிந்தது கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலம். அதுவோ கிரவுஸ் என்னும் காட்டுப்பறவையை வளர்த்துச் சுடுவதற்கெனச் செல்வர்கள் காவலிட்ட நிலம். 1932 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் நாள், பெனி ரொத்மன் என்னும் இருபது வயது இளைஞர் முன்செல்ல, ஏறத்தாழ நானூறு பேர் ஹேபீல்ட் என்னும் ஊரிலிருந்து அம்மேட்டில் ஏறினர். காவலருடன் கைகலப்பு நேர்ந்தது. ஐவர் இரண்டு முதல் ஆறு திங்கள் வரை சிறைத்தண்டனை பெற்றனர். நடைப்பயணச் சங்கங்களின் தலைவர் பலர் அன்று இச்செயலை ஒப்பவில்லை. ஆனால் அத்தண்டனையின் கடுமை பொதுமக்கள் நெஞ்சைச் சுட்டது. 1949 ஆம் ஆண்டில் தேசிய பூங்காச் சட்டம் வந்தது. 1951 ஆம் ஆண்டில் கிண்டர் ஸ்கவுட் அமைந்துள்ள பீக் மாவட்டமே முதலாவது தேசிய பூங்காவாயிற்று. 2000 ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்சிலும் மலையிலும் மேட்டுவெளியிலும் பொதுநிலத்திலும் கால்நடையாகச் சுற்றும் உரிமையை யாவர்க்கும் அளித்தது.

நாய்க்கு அச்சட்டம் கூறுவது யாது? நடப்பவரோடு நாயும் செல்லலாம். ஆயினும் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீற்றருக்கு மேற்படாத கயிற்றில் அதனைப் பிடித்திருத்தல் வேண்டும். கால்நடைகளின் அருகே எக்காலத்தும் அவ்வாறே செய்தல் வேண்டும். வானம்பாடியும் ஆட்காட்டியும் புல்லிடையே முட்டையிட்டு அடைகாக்கும் பருவம் அது. ஓடிவரும் நாயைக் கண்டு தாய்ப்பறவை எழுந்துவிட்டால், முட்டை குளிர்ந்துபோம். சினைப்பட்ட ஆடு மிரண்டு ஓடினால், ஒரு குடியானவனின் ஆண்டு வருவாய் குறையும்.

அன்றும் நாய்க்குக் கட்டுப்பாடு; இன்றும் கட்டுப்பாடு. எனின், எண்ணூறு ஆண்டுப் போராட்டத்தால் விளைந்த பயன் என்னை? உளியின் வடு நாயோடு சாகுமளவும் இருந்தது; கயிறோ பருவம் முடிந்ததும் கழற்றப்படுகின்றது. உளி ஒருவனுடைய இன்பத்துக்காக எழுந்தது. கயிறு எளிய உயிர்களுக்காகவும் எளிய உழவனுக்காகவும் வந்தது. விதி உண்டா இல்லையா என்பதைவிட, அது யாருக்காக விதிக்கப்பட்டது என்பதே வரலாறு கேட்கும் கேள்வி.

அக்கேள்வி முற்றாகத் தீர்ந்துவிட்டதாகவும் கொள்ளலாகாது. கிரவுஸ் வளர்க்கும் மேட்டுநிலத்தில் நாயோடு வருவோரை ஐந்தாண்டு வரை விலக்கிவைக்க நிலவுடையார்க்கு அதே 2000 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கின்றது. வனசாசனத்தில் எஞ்சியிருந்த விதிகள் 1971 ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டுவிட்டன. நகம் வெட்டும் உளியும் மறைந்தது. எனினும், சில மலைவெளிகளின் வாயிலில், தலைவன் உள்ளே செல்ல உரிமை பெற்றிருக்க, நாய் மட்டும் வெளியே நிற்கின்றது.