வாளியும் வேண்டுதலும்

இறைவனை நம்பியவன் கயிற்றின் முடிச்சையும் சரிபார்க்க வேண்டுமா? வேண்டும் என்பதற்கு அமெரிக்க மிஷனரி விமானி நேற் செயின்ற் சான்று.

ஈக்குவடோர் நாட்டின் அடர்காட்டிலே, அந்நியரை ஈட்டியால் எதிர்கொண்ட வவோரானி மக்களுக்கு, 1955 ஒக்டோபர் முதல் அவர் வானிலிருந்தே பரிசுகள் இறக்கினார். சிறுவிமானம் வட்டமிடும்; நெடுங்கயிற்றில் தொங்கும் வாளியோ வட்டத்தின் நடுவே ஏறக்குறைய அசையாது நிற்கும். அது அவரே கண்ட உத்தி.

1956 ஜனவரியில் குராராய் ஆற்று மணற்றிட்டில் விமானம் இறங்கியது. தம் உயிரைக் காக்கவேனும் அம்மக்களைக் கொல்வதில்லை என்று அவரும் தோழர் நால்வரும் முன்பே உறுதிபூண்டிருந்தனர். ஜனவரி 8இல் ஐவரும் ஈட்டிகளுக்கு இரையாயினர்.

வேண்டுதல் பொய்த்ததா? 1958இல் அவருடைய தமக்கை றேச்சல் அதே மக்களோடு வாழச் சென்றார். வேண்டுதல் அவர்களை மரணத்திலிருந்து காக்கவில்லை, பகையிலிருந்து காத்தது.